நாடாளுமன்றம் விசாரித்த இரைப்பை

ஷிந்துலு சந்தையில் இரண்டு மாவு மில்கள் இருக்கின்றன. இரண்டில் எது நல்ல மில் என்று அங்கே யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் அது ஏனோஸ் லிகாண்டாவின் காதுக்குப் போகும். போனால் அவரே எழுந்து வந்து, தன் மில் பிறந்த கதையை ஆதியிலிருந்து தொடங்குவார். மக்காச்சோளம் அரைக்க வந்தவள் வீடு திரும்பிக் களி கிண்டுவதற்குள் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு தூங்கிப்போயிருக்கும்.

கதையில் பொய் கிடையாது. அப்பன் அவருக்கு விட்டுப்போனது காம்பு இல்லாத ஒரு மண்வெட்டி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்கப்புறம் கரும்பு வெட்டினார். கிசுமு சாலைக்கு ஜல்லி உடைத்தார். காகமேகாவில் கடை வைத்திருந்த குஜராத்திக்காரர் ஒருவர், எரிந்துபோன டீசல் எஞ்சின் ஒன்றைக் குப்பையில் போடச் சொன்னபோது, "குப்பை எங்க வீட்டுப் பக்கம்தான் இருக்கு முதலாளி" என்று சொல்லி அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி வந்தார். ஊரே சிரித்தது. எஞ்சின் இருமியது, துப்பியது, கடைசியில் ஓடியது. சிரித்தவர்கள் எல்லாம் இன்றைக்கு அந்த எஞ்சின் அரைத்த மாவில்தான் உகாலிக் களி தின்கிறார்கள்.

"மூணாவதோட நின்னவன் மில்லு வச்சிருக்கேன். காலேஜ் படிச்சவன் என் மில்லு வாசல்ல பையோட நிக்கிறான்" என்பார் லிகாண்டா. கேட்பவர்களுக்கு அலுத்துப்போயிருக்கலாம், அதற்கு என்ன செய்வது? சொந்தக் கையால் எழுந்தவன் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவான். அப்பன் சொத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் மெல்லப் பேச வசதி உண்டு.

கதை முடியும் இடத்தில் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். ஆமை ஓடு மாதிரி காய்த்த கைகள். கரும்பு அறுத்த இடம், கல் தெறித்த இடம், எஞ்சின் சுட்ட இடம் என்று ஒவ்வொன்றையும் தொட்டுச் சொல்வார். மற்றவர்கள் சுவரில் சான்றிதழ் மாட்டுவார்கள். லிகாண்டாவின் சான்றிதழ் எப்போதும் அவரோடேயே நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சான்றிதழைத்தான் தேர்தல் நாளன்று ஒரு சின்னப் பெட்டி செல்லாது என்று சொல்லிவிட்டது.

அன்றைக்கு அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு, வரிசையில் முதல் ஆளாக நின்றார். தேர்தல் ஆணையம் அனுப்பிய விரல்ரேகைப் பெட்டியில் கட்டை விரலை வைத்தார். பெட்டி வாய் திறக்கவில்லை. அடுத்த விரல். அதற்கும் இல்லை. கைமாற்றி வைத்தார், துடைத்து வைத்தார், துப்பித் துடைத்தும் வைத்தார். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞன், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பெட்டியைப் பார்த்தபடியே சொன்னான்:

"பெரியவரே, உங்களுக்கு விரலே இல்லைன்னு வருது."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் பின்னால் நின்றது சாதாரண வரிசை இல்லை, ஷிந்துலு வரிசை. முன்னால் நின்றவர் சிரித்ததற்கு என்ன காரணம் என்று தெரியாமலே கடைசி ஆள்வரை சிரித்தார்கள். விரல் பதியாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது, ஒரு படிவம் நிரப்பவேண்டும், ஓரமாக நில்லுங்கள் என்றார்கள். நின்றார். படிவம் தீர்ந்துவிட்டது, வேறு வருகிறது என்றார்கள். படிவம் வந்து சேர்ந்தபோது வாக்குப்பெட்டிக்கு முத்திரை வைத்தாகிவிட்டது. லிகாண்டா வாக்குப் போடாமல் வீட்டுக்கு வந்தார். யாருக்குப் போடுவதாக இருந்தார் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. மறக்காதது ஒன்றுதான்.

மறக்க ஊரும் விடவில்லை. 'விரலில்லா லிகாண்டா' என்ற பெயர், அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் சந்தையைச் சுற்றி வந்துவிட்டது. "விரலில்லாம எப்படி மாவு அளக்குறாரு?" என்று பெண்கள் வரிசையிலேயே கேட்டார்கள். எதிர்மில் முகாப்வா இன்னும் ஒரு படி மேலே போனார். கை குலுக்க நீட்டுவார், குலுக்கியதும் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "யாராவது குலுக்கினீங்களா?" என்பார். காளைச் சண்டை மைதானத்தில் லிகாண்டாவின் காளை இறங்கியபோது ஒலிபெருக்கிக்காரன், "அடுத்து வர்றது விரலில்லாதவர் காளை! கொம்பு இருக்கான்னு பெட்டியில வச்சுப் பாத்தாச்சா?" என்றான். காளை தோற்றது. காளைக்கும் மானம் உண்டுதானே.

"விடுங்க ஆயுமா அப்பா. பத்து விரலும் உங்ககிட்டதானே இருக்கு? எண்ணிப் பாத்துக்கிட்டுப் படுங்க" என்றாள் மனைவி ககேஹா. மூத்த மகள் ஆயுமா பிறந்த நாளிலிருந்து அவள் அவரை அப்படித்தான் அழைத்து வருகிறாள்.

"எண்ணுறதுக்கு நான் என்ன பெட்டியா? அந்த ஆணையத்துலேருந்து ஒரு பெரிய ஆளு வரணும். என் மில்லு தராசு மேடைல ஏறி நிக்கணும். 'லிகாண்டாவுக்கு விரல் இருக்கு'ன்னு சந்தை கேக்கச் சொல்லணும். அவ்வளவுதான்."

இதைத்தான் அவர் காகமேகா போய் வக்கீல் அம்பேயியிடமும் கேட்டார். அம்பேயி சொந்தக் குலத்துப் பையன். அதே தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு நின்று, தோற்று, தேர்தல் செல்லாது என்று நீதிமன்றத்துக்கும் போயிருந்தான். லிகாண்டாவின் குறையைக் கேட்டவன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான்.

"தாத்தா, மன்னிப்பா கேக்குறீங்க? வாயால சொல்றதை எல்லாம் எவன் மதிக்கிறான்? ஆணையத்து உறுப்பினருங்க நாலு பேரையும் பதவியை விட்டே தூக்கிருவோம்."

"தூக்கினா தராசு மேடைக்கு எவன்டா வருவான்?"

"நாட்டுல எந்தக் குடிமகனும் நாடாளுமன்றத்துக்கு மனு போடலாம் தாத்தா. நம்ம சட்டத்துலயே இருக்கு. உங்க பேருல போடுறேன். சபாநாயகர் உங்க பேரைப் படிப்பாரு. வானொலில வரும்."

அந்தக் கடைசி வாக்கியம் லிகாண்டாவுக்குப் பிடித்தது.

மனு ஒன்பது பத்திகளாகத் தயாரானது. எட்டுப் பத்திகள் அம்பேயியின் தோல்வியைப் பற்றி. ஒன்பதாவதில் லிகாண்டாவின் விரலும் தராசு மேடையும் வந்தன. அதுவும் 'மேலும்' என்று தொடங்கி. கையெழுத்துப் போடத் தெரிந்தும், வேண்டுமென்றே கட்டை விரலை மையில் அழுத்தி உருட்டி வைத்தார் லிகாண்டா. இதைப் பாருங்கடா, விரல் இருக்கா இல்லையா என்பது அவர் எண்ணம். நாடாளுமன்ற அலுவலகத்திலிருந்து மனு திரும்பி வந்தது. 'மனுதாரரின் ரேகை தெளிவாக இல்லை.' இந்தச் செய்தியை முகாப்வாவின் காதுக்கு எட்டாமல் காப்பதற்கு அம்பேயி பட்ட பாடு, தேர்தலில் பட்ட பாட்டைவிட அதிகம். பிறகு கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள்.

சபாநாயகர் பெயரைப் படித்தார். வானொலியிலும் வந்தது. மில்லில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முகாப்வா தன் மில்லையும் நிறுத்திவிட்டு வந்து கேட்டார். அன்று மட்டும் ஒருவரும் கேலி பேசவில்லை. நாடாளுமன்றம் உச்சரித்த பெயரை உடனே கேலி செய்ய எவனுக்கும் நாக்கு எழாது. அதற்கு ஒரு நாள் வேண்டும்.

மனு ஒரு குழுவிடம் போனது. குழு நைரோபிக்கு அழைத்தது. நீளமான மேஜை, ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒலிவாங்கி, ஒரு தண்ணீர் பாட்டில். ஆட்கள் மட்டும் இல்லை. போதுமான உறுப்பினர்கள் வந்தால்தான் கூட்டம் கூட்டமாகும் என்றார்கள். ஒருவர் வந்ததும் இன்னொருவர் போன் பேச வெளியே போனார். அவர் திரும்பியபோது முதலாமவரைக் காணோம். லிகாண்டா ஊர்க் காளைகளை நினைத்துக்கொண்டார். விடிந்ததும் இரண்டையும் அவிழ்த்துவிட்டால் தேநீர் ஆறுவதற்குள் எது வென்றது என்று தெரிந்துவிடும். இங்கே தேநீர்தான் வந்துகொண்டே இருந்தது, காளைகள் வரவில்லை.

ஒருவழியாகக் கூட்டம் சேர்ந்ததும் தலைவர் விளக்கினார்: மனுவில் சொன்னது உண்மையா பொய்யா என்று பார்ப்பது இந்தக் குழுவின் வேலை அல்ல. உண்மையாகவே இருந்தாலும், அது ஒருவரின் பதவியைப் பறிக்கக்கூடிய காரணமா என்று பார்ப்பதுதான் வேலை. காரணம்தான் என்று பட்டால் சபை அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பும். அவர் ஒரு தீர்ப்பாயம் வைப்பார். உண்மை என்ன என்பதைத் தீர்ப்பாயம் பார்த்துக்கொள்ளும்.

"அப்ப நான் உண்மையைச் சொல்ல இன்னும் நாளாகுமா?" என்று கேட்டார் லிகாண்டா.

"இப்பவும் சொல்லலாம் பெரியவரே. நாங்க கணக்குல எடுத்துக்க மாட்டோம், அவ்வளவுதான்."

அவர் எழுந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கரும்பில் தொடங்கி ஜல்லிக்கு வருவதற்குள் மதிய உணவு நேரம் ஆகிவிட்டது. விசாரணை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அந்த இன்னொரு நாள் வருவதற்குள், சந்தை கூடிய ஒரு நாளில், தூசி படிந்த வெள்ளைக் கார் ஒன்று மில் வாசலில் வந்து நின்றது. ஒரு பெண்மணி தனியாக இறங்கினார். கண்ணாடி, குட்டை முடி, தட்டைச் செருப்பு. மனுவில் பெயர் இருந்த நாலு ஆணைய உறுப்பினர்களில் ஒருவர், டைட்டா மலைக்காரர், வகேஷோ அம்மா.

"காகமேகாவுல எங்க ஆளுங்களுக்குப் பயிற்சி வகுப்பு. வந்த இடத்துல உங்களையும் பாத்துட்டுப் போலாம்னு. உங்க மனுவை முழுசாப் படிச்சேன். ஒன்பதாவதை மட்டும் ரெண்டு தடவை படிச்சேன்" என்றார்.

லிகாண்டா மாவு படிந்த கையை நீட்டலாமா கூடாதா என்று தயங்கினார். அந்த அம்மாவோ அந்தக் கையை வாங்கி, திருப்பி, ரேகை இருக்க வேண்டிய இடத்தைத் தன் விரலால் தடவிப் பார்த்தார். "எங்க அப்பா கத்தாழை நாரு தோட்டத்துல வேலை பாத்தவரு. அவரு கையும் இப்படித்தான் இருக்கும்" என்றார். பிறகு, எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டார்.

தராசு மேடை கொஞ்சம் ஆடும். லிகாண்டா பிடித்துக்கொள்ள, அந்த அம்மா ஏறி நின்றார். மில் நின்றது. சந்தை திரும்பியது.

"நான் தேர்தல் ஆணையத்துலேருந்து வரேன். இந்தப் பெரியவருக்கு விரல் இருக்கு. எங்க பெட்டிக்குத்தான் கண்ணு இல்லை. அன்னிக்கு நடந்ததுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

அவ்வளவுதான் பேசினார். முகாப்வா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கைதட்டினார்.

இனி அந்த அம்மாவைச் சும்மா அனுப்ப முடியுமா? லிகாண்டாவின் இசுகா சனங்கள் வீட்டில் மதிப்புள்ள விருந்தாளி வந்தால் சேவல் விழ வேண்டும். சேவல் விழுந்தால் அதன் இரைப்பை வீட்டுத் தலைவன் தட்டுக்குப் போக வேண்டும். அவனைவிடப் பெரியவன் ஒருவன் வந்திருந்தால் மட்டும் வந்தவன் தட்டுக்குப் போகும். பெண்கள் தட்டுக்கு அது போனதாகக் கதையில்கூட இல்லை. கோழிக்குள் இருக்கிற மில் அது என்பார் லிகாண்டா. எதைப் போட்டாலும் அரைக்கும். அதைத் தன் கையால் ஒருவருக்கு எடுத்து வைத்தால், 'உனக்கும் எனக்கும் இனி வழக்கில்லை' என்று பொருள். பகையாளிக்கு வைத்தால் பகை அத்தோடு செத்தது.

உகாலியும் கோழியும் வந்தன. லிகாண்டா கிண்ணத்துக்குள் கையை விட்டார். இரைப்பையை எடுத்தார். ஒரு நிமிடம் யோசித்தார். வகேஷோ அம்மாவின் தட்டில் வைத்தார்.

சந்தை சாளரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. படம் பிடிக்க ஒரு போன் உயர்ந்தது.

"இது எனக்கு அவ்வளவாப் பிடிக்காதே, ரப்பர் மாதிரி இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்ன அந்த அம்மா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் வாயில் போட்டு மென்றார். நெடுநேரம் மென்றார்.

கார் போன பிறகு ககேஹா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

"நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து எத்தனை சேவல் அறுத்திருப்பேன்? அதைக் கீறிக் கழுவுறது நானு, வேக வைக்கிறது நானு. அது என்ன ருசின்னு எனக்குத் தெரியாது. நேத்து வந்தவளுக்குத் தெரியும்."

"அந்தம்மா பொம்பளையா வரலை. ஆணையமா வந்தாங்க."

"ஓ! அப்ப நானும் நாளைக்கு ஆணையமா வரேன். என்னத்தைப் போடுறீங்கன்னு பாப்போம்."

வக்கீல் அம்பேயி மறுநாளே வந்தான். கையில் போன், போனில் அந்தக் காட்சி. நாடு முழுக்கப் போய்விட்டது என்றான். "தாத்தா, எதிராளியை வீட்டுல உக்கார வச்சு விருந்து வச்சிருக்கீங்க. எவ்வளவு வாங்கினீங்கன்னு கேக்குறாங்க!"

"நான் எங்கடா வாங்கினேன்? குடுத்தேன்டா. கண்ணு தெரியலையா உனக்கு?"

"அதைத்தான் வெளில சொல்லாதீங்கங்கறேன். குழுவுல கேட்டா ஞாபகமில்லைன்னு சொல்லிருங்க."

லிகாண்டாவுக்குக் கோபம் வந்தது. ஞாபகமில்லை என்பது படித்தவன் சொல்லுகிற பதில். தன் வீட்டில் தான் செய்த மரியாதையை மறந்துவிட்டேன் என்று சொல்வதற்கு, விரல் இல்லை என்றே ஒத்துக்கொண்டு போகலாம்.

அடுத்த விசாரணையில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. முதல் நாள் போன் பேசப் போனவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பக்கத்து வரிசையில் வகேஷோ அம்மாவும் அவருடைய சகாக்கள் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். சகாக்கள் அந்த அம்மாவிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தது போல் லிகாண்டாவுக்குப் பட்டது.

தலைவர் கேட்டார்: "பெரியவரே, உங்க மனுவுல இப்பவும் உறுதியா இருக்கீங்களா?"

"இல்லீங்க. அந்தம்மா மன்னிப்புக் கேட்டாங்க, என் வீட்டுல சாப்பிட்டாங்க. வழக்கு முடிஞ்சுது."

"சாப்பிட்டா வழக்கு முடிஞ்சுருமா?"

"கோழின்னா முடியும். வெறும் அவரைன்னா யோசிக்கணும்."

அறை சிரித்தது. அம்பேயி தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"ஆணையத்து உறுப்பினருக்கு நீங்க எதைக் குடுத்தீங்க? தெளிவாச் சொல்லுங்க."

"இரைப்பையைங்க."

"அது வழக்கமா எல்லா விருந்தாளிக்கும் குடுக்குறதா?"

"எல்லாருக்குமா? நீங்க வந்தாக் குடுக்க மாட்டேன்."

"அப்ப அது விசேஷமான பொருள்னு ஒத்துக்கறீங்க."

"பின்னே? அதைவிட விசேஷம் கோழியில வேற என்ன இருக்கு?"

கடற்கரைப் பக்கத்து உறுப்பினர் ஒருவர், தங்கள் ஊரில் அதைப் பூனைக்குத்தான் போடுவார்கள், அதற்குப் பரிசு என்று பேரா என்று கேட்டார். உடனே காகமேகா பக்கத்து உறுப்பினர் குதித்து எழுந்தார். "தலைவரே, அவர் சொன்னதைத் திரும்ப வாங்கணும்! நம்ம சபைக்குச் செங்கோல் எப்படியோ, எங்க வீட்டுக்கு இரைப்பை அப்படி!" கடற்கரை உறுப்பினர் திரும்ப வாங்க மறுத்தார். பூனைகளின் மீது தனக்கு மரியாதை உண்டு என்றார். பிறகு இன்னொருவர், மன்னிப்புக்கு முன்னால் இரைப்பை கொடுக்கப்பட்டதா, இரைப்பைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கப்பட்டதா, வரிசை முக்கியம் என்றார். போன் காட்சியைப் பெரிய திரையில் போட்டார்கள். நாடாளுமன்றத்துக் குழு முழுவதும், ஒரு பெண்மணி ஒரு துண்டு இறைச்சியை மெல்லுவதை அமைதியாக உட்கார்ந்து பார்த்தது. எட்டுப் பத்திகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

லிகாண்டாவுக்கு ஏதோ தப்பாகப் போகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"ஐயா, நான் மனுவைத் திரும்ப எடுத்துக்கறேன்."

"முடியாது பெரியவரே. சபைக்குள்ள வந்ததுக்கப்புறம் மனு உங்களோடது இல்லை, சபையோடது."

"என் விரலைப் பத்தின மனுங்க அது!"

"விரலும் இப்ப பதிவுல இருக்கு."

"கோழி?"

"கோழியும்தான்."

வெளியே தாழ்வாரத்தில் வகேஷோ அம்மாவிடம் போய் நின்றார். "நான் மரியாதைக்குத்தானே வச்சேன்" என்றார். "தெரியும் பெரியவரே. அவ்வளவு நேரம் மெல்லும்போதே, இது சாதாரணப் பொருள் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார் அவர்.

குழுவின் அறிக்கையை வானொலியில்தான் கேட்டார்கள். முதல் எட்டுப் பத்திகளில் போதிய விவரம் இல்லை. ஒன்பதாவது பத்தியில் விவரம் உண்டு, ஆனால் குற்றம் பெட்டியுடையது. பெட்டி ஆணையத்தின் உறுப்பினர் அல்ல, ஆகவே அதைப் பதவியிலிருந்து நீக்க வழியில்லை. மூன்று உறுப்பினர்கள் மீது காரணம் ஏதும் காணப்படவில்லை. உறுப்பினர் வகேஷோ மட்டும், மனு நிலுவையில் இருக்கும்போதே மனுதாரரின் வீடு தேடிப் போயிருக்கிறார். மனுதாரரே விசேஷமானது என்று ஒப்புக்கொண்ட ஒன்றைப் பெற்று உண்டிருக்கிறார். அதன் பிறகு மனுதாரர் மனம் மாறியிருக்கிறார். இது காரணமே. தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம்.

நாலு பேரில் மன்னிப்புக் கேட்டவர் ஒருவர்தான். நாலு பேரில் மாட்டிக்கொண்டவரும் அவர்தான். மற்ற மூவரும் எங்கேயும் போகவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, எதையும் தின்னவில்லை. குற்றமற்றவர்கள்.

தீர்ப்பாயம் கூடும்வரை வகேஷோ அம்மா காத்திருக்கவில்லை. பதவியை விட்டுவிட்டுத் தன் டைட்டா மலைக்குப் போய்விட்டார். அம்பேயி முதலில் துள்ளினான். அவன் வழக்கில் நீதிமன்றமும் தேர்தல் செல்லாது என்று சொல்லிவிட்டது, இடைத்தேர்தல் வரப்போகிறது. பந்தலுக்குச் சொல்லிவைத்தான், சுவரொட்டி அடித்தான். அப்புறம்தான் யாரோ சட்டத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆணையத்தில் மூன்று பேர் மட்டும் இருந்தால் கூட்டம் நடத்த முடியாது. கூட்டம் இல்லாவிட்டால் தேர்தல் தேதி குறிக்க முடியாது. அம்பேயியின் முகம் சுவர்களில் மழையில் நனைந்து வெளுத்தது.

சந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அறிக்கை வந்த அன்றே 'விரலில்லா லிகாண்டா' செத்துப்போனார். 'இரைப்பைக்காரர்' பிறந்தார். "வாங்க இரைப்பைக்காரரே, இன்னிக்கு யாரைப் பதவியை விட்டுத் தூக்கினீங்க?" என்றார் முகாப்வா. "எங்க வீட்டுப் பக்கம் கோழி குடுத்து அனுப்பிராதீங்க, எனக்கு இருக்கிறது ஒரு மில்லுதான்."

கேலி அவரைச் சுடவில்லை. வேறொன்று சுட்டது. அவர் வாழ்நாளில் யாருக்கும் கெடுதல் செய்து மேலே வந்தவர் இல்லை. அவர் பெருமையாகச் சொன்ன கதைகளிலேயே பெரிய பெருமை அதுதான். இப்போது அவர் மேஜையில் தின்றவர் அவர் மேஜையாலேயே கெட்டார். அந்த அம்மா தராசு மேடையில் ஏறி நின்று லிகாண்டாவின் பெயரைத் துடைத்துக் கொடுத்தார். பதிலுக்கு இவர் என்ன கொடுத்தார்? யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். அந்த அம்மாவின் ஊருக்குப் போய், அங்குள்ள சனங்களுக்கு முன்னால் நின்று, அந்த அம்மாவின் பெயரைத் தானும் துடைத்துக் கொடுப்பது.

"நானும் வரேன். உங்களைத் தனியா விட்டா அங்க யாரு வேலை போகுமோ" என்றாள் ககேஹா.

பேருந்து மாறி மாறி நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனார்கள். மடியில் கூடை, கூடையில் உயிரோடு ஒரு சேவல். வோய் ஊரைத் தாண்டி மலை ஏறும்போது சேவலுக்கும் ககேஹாவுக்கும் ஒரே நேரத்தில் தலை சுற்றியது.

அது ஞாயிற்றுக்கிழமை. வகேஷோ அம்மா கோயிலில் இருப்பதாகச் சொன்னார்கள். லிகாண்டா கூடையோடு உள்ளே போனார். வழிபாடு முடிந்து அறிவிப்புகள் நேரத்தில் கையைத் தூக்கினார். போதகர், வந்திருக்கும் விருந்தாளி என்று மரியாதையாக முன்னால் அழைத்தார். முதல் வரிசையில் இருந்த வகேஷோ அம்மா, வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டியதை அவர் கவனிக்கவில்லை.

"சகோதர சகோதரிகளே, நான் மேற்கேருந்து வரேன். மில்லு வச்சிருக்கேன். மூணாவதோட நின்னவன். உங்க வகேஷோ அம்மாவைப் பத்தி நாட்டுல பேசுறது எல்லாம் பொய். அவங்க எங்கிட்ட லஞ்சம் வாங்கலை. அந்த இரைப்பையை நானாத்தான் குடுத்தேன். அவங்களாக் கேக்கலை. அவங்க கை சுத்தம்!"

 பெஞ்சு பெஞ்சாகக் கழுத்துகள் திரும்பின. பின்னாலிருந்து ஒரு மூதாட்டி, காது கேட்காதவர்களின் பெரிய குரலில் பக்கத்தவளிடம் கேட்டாள்:

"என்ன லஞ்சம்? இவ லீவுக்கு வந்திருக்கான்னுதானே சொன்னாங்க?"

வகேஷோ அம்மா கண்களை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்த லிகாண்டா பதறிப்போய்ப் பக்கத்தில் ஓடினார். அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"போதும் பெரியவரே, போதும். நீங்க என்னைக் காப்பாத்தினது போதும். வாங்க, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்."

சேவல் விழுந்தது. இந்தத் தடவை சமைத்தது வகேஷோ அம்மா, பரிமாறியதும் அவர்தான். லிகாண்டா தட்டுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தன் தட்டுக்கு என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். அது வந்தால்தான் அந்த அம்மாவுக்கும் தனக்கும் வழக்கில்லை என்று ஆகும். அதற்காகத்தான் நாட்டையே கடந்து வந்திருந்தார்.

வகேஷோ அம்மா கிண்ணத்தில் தேடி இரைப்பையை எடுத்தார். லிகாண்டா பக்கம் நீட்டினார். நீட்டிய கை பாதி வழியில் நின்றது. அப்படியே திரும்பியது. ககேஹாவின் தட்டில் வைத்தார்.

"உங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு, சமையல்கட்டு வாசல்ல நின்னு நீங்க என்னைப் பாத்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு அக்கா" என்றார்.

லிகாண்டா வாயைத் திறந்தார். வழக்கம் என்று ஒன்று இருக்கிறது என்று சொல்ல வந்தார். அந்த வழக்கத்தை முதலில் உடைத்தது யார் என்பது நாடாளுமன்றப் பதிவிலேயே இருப்பது ஞாபகம் வந்து, வாயை மூடிக்கொண்டார்.

ககேஹா புருஷனைப் பார்க்கவில்லை. அதை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, வாயில் போட்டாள். மென்றாள். இன்னும் கொஞ்சம் மென்றாள். இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கினாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதுக்கா நாடாளுமன்றம் கூடிச்சு?"